சென்னையில் பக்கவாத மறுவாழ்வு மருத்துவம்

பக்கவாத மறுவாழ்வு மருத்துவம் என்பது பக்கவாதத்தால் கை, கால், பேச்சு, விழுங்கல், பார்வை, நினைவு போன்றவற்றில் குறைபாடு அடைந்த ஒருவர், இழந்த செயல்களை இயன்ற அளவு மீளப் பெறவும், மீளாதவற்றுக்கு மாற்று வழிகளைக் கற்றுக்கொள்ளவும் துணைசெய்யும் மருத்துவத் துறை ஆகும். மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்றுநர், குடும்பத்தினர் எனப் பலர் சேர்ந்து செய்யும் கூட்டுப் பணியாக இது அமைகிறது.

இக்கட்டுரை இத்துறையின் அடிப்படைகளையும், சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும் அது நடைபெறும் முறையையும் விளக்குகிறது. பக்கவாத நோயாளர் மருத்துவமனையில் தங்குவது பெரும்பாலும் சில நாட்களே. மீட்சிக்குத் தேவைப்படுவதோ பல மாதங்கள். ஆகவே மறுவாழ்வின் பெரும்பகுதி வீட்டில், குடும்பத்தினர் கையில் நடைபெறுகிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்புவதே இத்துறை எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் ஆகும்.

பெயர் விளக்கம்

உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதால் இந்நோய்க்குப் பக்கவாதம் என்று பெயர். இலங்கைத் தமிழர் இதனைப் பாரிசவாதம் என்பர். சென்னைப் பேச்சு வழக்கில் "ஸ்ட்ரோக்" என்ற சொல்லும், "கை கால் இழுத்துக்கொண்டது" என்ற தொடரும் வழங்குகின்றன. பின்வரும் நோய்கள் பக்கவாதத்துடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன:

* முடக்குவாதம்: மூட்டுகளில் அழற்சி ஏற்படும் நோய். மூளையுடன் தொடர்பற்றது.
* முகவாதம்: முக நரம்பு மட்டும் பாதிக்கப்படுவது. இதில் நெற்றியையும் சுருக்க முடியாது. பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பிவிடும். வாய் மட்டும் கோணும்.
* வலிப்பு: மூளையின் மின் செயற்பாடு குழம்புவதால் வருவது. வலிப்புக்குப் பின் சில மணி நேரம் கை கால் சோர்ந்திருப்பதும் உண்டு.

மூளையில் நிகழ்வது

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், உடல் ஓய்வில் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. எனவே குருதியோட்டம் சில நிமிடங்கள் நின்றாலும் நரம்பணுக்கள் இறக்கத் தொடங்கும். பெரிய நாளம் ஒன்று அடைபட்டு மருத்துவம் கிடைக்காத நிலையில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006 இல் ஒரு கணிப்பு வெளியானது.

பக்கவாதம் இரு வகைப்படும். குருதிக்கட்டி நாளத்தை அடைப்பதால் வருவது ஒன்று. நாளம் வெடித்துக் குருதி கசிவதால் வருவது மற்றொன்று. இரண்டின் வெளி அறிகுறிகளும் ஒன்றுபோல் இருக்கலாம். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்தே வேறுபடுத்த முடியும். முதல் வகைக்குத் தரப்படும் கட்டி கரைக்கும் மருந்து இரண்டாம் வகைக்குக் கேடு விளைவிக்கும் என்பதால் இந்த வேறுபாடு இன்றியமையாதது.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலோருக்கு மொழித்திறனும் அங்கேயே அமைந்துள்ளது. ஆகவே வலக்கை விழுந்தவருக்குப் பேச்சும் பாதிக்கப்படுவது மிகுதி. வலப்பாதி பாதிக்கப்பட்டவர் சிலர் இடப்பக்கம் என ஒன்று இருப்பதையே கவனிக்காமல் விடுவர். இதனை ஒருபக்கப் புறக்கணிப்பு என்பர். இத்தகையவர் வாழையிலையின் வலப்பாதியில் பரிமாறியதை மட்டும் உண்டுவிட்டு எழுந்துவிடக்கூடும். பார்வை, பசி ஆகியவற்றில் குறை இல்லாமலும் இது நேரலாம். இதை அறியாத குடும்பத்தினர் பிடிவாதம் என்று தவறாகக் கருதுவதுண்டு.

மீட்சி எவ்வாறு நிகழ்கிறது

இறந்த நரம்பணுக்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆயினும் மூன்று வழிகளில் செயல்கள் மீளலாம்:

1. அடிபட்ட இடத்தைச் சுற்றிய வீக்கம் தணிந்து, செயலற்றுக் கிடந்த அணுக்கள் மீண்டும் இயங்குதல்.
2. மூளையின் நலமான பகுதிகள் புதிய இணைப்புகளை அமைத்து, இழந்த பகுதியின் வேலையில் ஒரு பங்கை ஏற்றல். இது மூளையின் மீளமைவுத் திறன் எனப்படும்.
3. அச்செயலை வேறு முறையில் செய்யக் கற்றுக்கொள்ளுதல். எடுத்துக்காட்டு: வலக்கையர் இடக்கையால் கையொப்பமிடப் பழகுதல்.

இரண்டாவது வழிக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியே அடிப்படை. பிறர் நோயாளரின் கையைப் பிடித்து அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும். ஆனால் மூளை புதிதாகக் கற்க வேண்டுமாயின் நோயாளர் தாமே முயன்று அசைக்க வேண்டும். அம்முயற்சி, கோப்பையை எடுத்தல், கதவைத் திறத்தல் போன்ற பொருளுள்ள செயலாக இருப்பின் பயன் மிகும்.

கை கால் அசைவில் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் நிகழ்கிறது. அதன் பின் வேகம் குறையும், முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பேச்சு ஆண்டுகள் கடந்தும் மேம்படலாம்.

மறுவாழ்வின் காலக்கட்டங்கள்

முதல் மணி நேரங்கள்

முகம் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய நேரத்தை, அல்லது நோயாளர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தைக் குறித்து வைத்தல் மருத்துவருக்குப் பேருதவியாகும். கட்டி கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் தரப்படுகிறது. பெரிய நாளம் அடைபட்டிருப்பின் குழாய் செலுத்திக் கட்டியை அகற்றும் முறை வழக்கமாக ஆறு மணி நேரத்திற்குள்ளும், படங்களைக் கொண்டு தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை 2008 இல் தொடங்கியது. மாநில அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பிலும் பக்கவாதம் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டது.

மருத்துவமனை நாட்கள்

பக்கவாதத்திற்கெனத் தனிப் பிரிவும் பயிற்சி பெற்ற குழுவும் உள்ள மருத்துவமனைகளில் இறப்பும் ஊனமும் குறைகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. தனி மருந்தோ கருவியோ இதற்குக் காரணமன்று. விழுங்கலைச் சோதித்தபின் உணவு தருதல், படுக்கையில் திருப்பிவிடுதல், காய்ச்சலையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துதல், உரிய நேரத்தில் எழுப்பி உட்காரவைத்தல் முதலிய எளிய செயல்கள் தவறாமல் நடப்பதே காரணமாகக் கருதப்படுகிறது.

எப்போது எழுப்பி நடக்கவைப்பது என்பதில் அவசரமும் நன்றன்று. ஆத்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளில் 2104 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள் மிகுதியான நடைப்பயிற்சி பெற்றோரில் 46 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 50 விழுக்காட்டினரும் மூன்று மாதங்களில் நல்ல நிலையை அடைந்தனர். சிறிது சிறிதாக, அடிக்கடி எழுப்புவதே இப்போது பின்பற்றப்படும் முறை.

வீடு திரும்பிய பின்

சென்னையில் பெரும்பாலான நோயாளர் மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்கே செல்கின்றனர். இடையில் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையங்கள் உள்ளன. ஆயினும் அவற்றின் செலவு எல்லோருக்கும் இயல்வதன்று. மருத்துவக் காப்பீடுகள் பல உள்நோயாளர் செலவையே முதன்மையாக ஏற்கின்றன. மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சிக்குக் குடும்பமே செலவிட வேண்டியுள்ளது. நாட்கூலி பெறும் குடும்பத்தில் நோயாளரின் வருவாயும், அவரைக் கவனிக்க வீட்டில் தங்குபவரின் வருவாயும் ஒருசேர நின்றுவிடுகின்றன. மயிலாப்பூரின் நொச்சிக்குப்பம், அடையாற்றின் ஊரூர் குப்பம் போன்ற மீனவர் பகுதிகளில் வலை இழுக்கவும் மீன் விற்கவும் இரு கைகளும் வேண்டும் என்பதால் ஒரு கை விழுவதே தொழிலை நிறுத்திவிடக்கூடும்.

மருத்துவக் குழு

* நரம்பியல் மருத்துவர்: நோயின் வகையையும் காரணத்தையும் அறிந்து, மீண்டும் வராமல் தடுக்கும் மருந்துகளை முடிவு செய்கிறார்.
* மறுவாழ்வு மருத்துவர்: குழுவை ஒருங்கிணைக்கிறார், தசை இறுக்கம், வலி, சிறுநீர்ச் சிக்கல் ஆகியவற்றுக்கு மருத்துவம் செய்கிறார்.
* இயன்முறை மருத்துவர்: பிசியோதெரபி எனப் பரவலாக அறியப்படும் பயிற்சிகளின் மூலம் அமர்தல், நிற்றல், நடத்தல், சமநிலை ஆகியவற்றைக் கற்பிக்கிறார்.
* செயல்வழிப் பயிற்றுநர்: உண்ணுதல், குளித்தல், உடுத்தல், சமைத்தல் போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்குகிறார். மருத்துவமனைகளில் இப்பிரிவு ஆக்குபேசனல் தெரபி என்ற பெயரில் காணப்படும்.
* பேச்சு மொழிப் பயிற்றுநர்: பேச்சுடன் விழுங்கலையும் கவனிக்கிறார்.
* உளவியலாளர், சமூகப் பணியாளர், உணவியலாளர், செவிலியர்.

பேச்சு மொழிப் பயிற்றுநர் 1992 ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். இயன்முறை மருத்துவம், செயல்வழிப் பயிற்சி ஆகியவற்றை ஒழுங்குபடுத்த 2021 இல் இணை நலத்தொழில்களுக்கான நடுவண் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி தருவோரை அமர்த்தும்போது அவர் பட்டம் பெற்றவரா எனக் கேட்டறிதல் நன்று.

முன்னேற்றத்தை அளக்க 1965 இல் வெளியான பார்த்தெல் அளவை பரவலாகப் பயன்படுகிறது. உண்ணல், குளித்தல், படியேறுதல் உள்ளிட்ட பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண்கள் தரப்படும். தரையில் அமர்ந்து எழுதல், குந்தி அமர்தல், கையால் பிசைந்து உண்ணல் ஆகிய நம்மவர் செயல்கள் அதில் தனிக்கூறுகளாக இல்லை. ஆகவே முழு மதிப்பெண் பெற்றவரும் வீட்டில் இடர்ப்படக்கூடும்.

பயிற்சி முறைகள்

கைப்பயிற்சி

கால் அளவுக்குக் கை மீள்வதில்லை என்பது பொதுவான பட்டறிவு. நடப்பதற்குக் கால் ஓரளவு தாங்கினால் போதும். சோற்றைப் பிசையவும் பொத்தான் இடவும் விரல்கள் தனித்தனியே இயங்க வேண்டும்.

கட்டுப்படுத்தித் தூண்டும் முறை: நலமான கைக்கு உறையிட்டு, தளர்ந்த கையையே பயன்படுத்தச் செய்வது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் விரியும் நிலையில் உள்ளவர்க்கே இது பொருந்தும். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரப் பயிற்சியால் கைச்செயல் மேம்பட்டது.

கண்ணாடி முறை: இரு கைகளுக்கும் இடையில் கண்ணாடியை நிறுத்தி, நலமான கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்கச் செய்வது. தளர்ந்த கையே அசைவதுபோன்ற தோற்றம் மூளைக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தோருக்கு வரும் மாய உறுப்பு வலிக்காக 1990களில் இம்முறையை உருவாக்கினார். அவர் பங்கேற்ற குழு 1999 இல் ஒன்பது பக்கவாத நோயாளரிடம் இதனைச் சோதித்தது. பின்வந்த ஆய்வுகளும் இதனால் பயனுண்டு எனக் காட்டின. ஒரு சாதாரண முகக்கண்ணாடி போதும் என்பதால் வீட்டிலும் இதைச் செய்யலாம்.

தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளரைத் தூக்கக் கூடாது. தோள்மூட்டு நழுவி, மாதக்கணக்கில் நீடிக்கும் வலியைத் தரும். இடுப்பைப் பற்றியே எழுப்ப வேண்டும்.

பேச்சுப் பயிற்சி

மூளையின் மொழிப்பகுதி பாதிக்கப்படுவதால் வரும் குறை பேச்சிழப்பு எனப்படும். பிறர் சொல்வது விளங்கியும் சொல் வராத வகையைப் பால் புரோக்கா 1861 இலும், சரளமாகப் பேசியும் பொருள் விளங்காத வகையைக் கார்ல் வெர்ணிக்கே 1874 இலும் விளக்கினர். பேச்சிழப்பு அறிவிழப்பன்று.

பேச முடியாத ஒருவர் நன்கு பழகிய பாடலையோ வழிபாட்டு வரிகளையோ எண் வரிசையையோ தடையின்றிச் சொல்லிவிடலாம். மனப்பாடமான தொடர்கள் மூளையில் வேறு வழியே வெளிவருகின்றன. "சுலோகம் சொல்கிறவர் ஏன் பேசமாட்டார்" எனக் குடும்பத்தினர் ஐயுறுவது இதை அறியாமையால்தான். பாட்டின் இந்த இயல்பை ஏணியாகக் கொண்டு சிறு தொடர்களை இசையோடு கற்பிக்கும் முறையும் உண்டு.

தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுகின்றன. வீட்டில் பேசும் தமிழிலேயே பயிற்சி தொடங்குவது நோயாளருக்கு உடனே பயன்தரும். தமிழும் ஆங்கிலமும், அல்லது தமிழும் தெலுங்கும் பேசும் சென்னைக் குடும்பங்களில் இரு மொழிகளும் ஒரே அளவில் மீள்வதில்லை. ஆகவே இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர், கழிப்பறை, வலி, மருந்து முதலியவற்றின் படங்கள் கொண்ட அட்டை தொடக்க நாட்களில் உதவும்.

விழுங்கல்

விழுங்கல் குறைபாடு உள்ளவருக்கு நீர், காப்பி, இரசம் போன்ற மெலிந்த நீர்மங்கள் மூச்சுக்குழலுள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். உணவின் போதும் அதன் பின்னும் இருமல், குரல் கரகரத்தல் ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள். சிலருக்கு இருமலே இன்றியும் இது நேரும். நிமிர்ந்து அமரவைத்து, கூழ்ப் பதத்தில், சிறு கரண்டியில் ஊட்டுதல் பொதுவான முறை. எந்தப் பதம் பொருந்தும் என்பதைப் பயிற்றுநர் சோதித்துச் சொல்ல வேண்டும். படுத்த நிலையில் வாயில் நீர் ஊற்றுவது ஆபத்தானது.

மனநலம்

பக்கவாதத்திலிருந்து பிழைத்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். மனச்சோர்வு உள்ளவர் பயிற்சியைக் கைவிடுவதால் உடல் மீட்சியும் தடைப்படும். காரணமின்றி அழுதல் அல்லது சிரித்தல் மூளைப் பாதிப்பின் நேரடி விளைவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

தமிழ்நாட்டில் வரலாறு

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் மருத்துவர் மேரி வர்கீசின் பணியுடன் நெருங்கிய தொடர்புடையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் 1954 இல் நேர்ந்த மகிழுந்து விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க இயலாதவரானார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஓவர்டு ரசுக்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972 இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

சென்னையில் நரம்பறுவைத் துறையை 1950 இல் அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி தொடங்கினார். பின்னாளில் அவர் அடையாறு தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையில் ஆசண்ட இலட்சுமிபதி பெயரிலான நரம்பறுவை மையத்தை நிறுவினார். இம்மருத்துவமனை, வருவாய்க்கேற்பக் கட்டணம் என்ற கொள்கையுடன் மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958 இல் தொடங்கிய அமைப்பைச் சேர்ந்தது.

சென்னையில் உள்ள நிறுவனங்கள்

* அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம், கலைஞர் கருணாநிதி நகர்: சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. தியாகராய நகருக்கு மேற்கே உள்ளது. பயிற்சியுடன் செயற்கை உறுப்புகள், தாங்கு கருவிகள் ஆகியவற்றையும் வழங்குகிறது.
* இராயப்பேட்டை அரசு மருத்துவமனை: மயிலாப்பூரை அடுத்துள்ளது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது.
* கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை, கிண்டி: 2023 இல் திறக்கப்பட்டது.
* தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை, தரமணி.
* பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், முட்டுக்காடு: நகருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2005 இல் நிறுவப்பட்டது.
* இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை: அடையாற்றை அடுத்த இதன் வளாகத்தில் மறுவாழ்வுக் கருவிகளை உருவாக்கும் டி.டி.கே. ஆய்வு மையம் உள்ளது. எழுந்து நிற்க உதவும் "அரைஸ்" சக்கர நாற்காலி 2019 இல் வெளியிடப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து "புளூட்டோ" என்னும் கைப்பயிற்சி எந்திரமும் உருவாக்கப்பட்டது. மணிக்கட்டு, விரல் அசைவுகளைக் கணினி விளையாட்டுகளின் வழியே பயிற்றுவிக்கும் இக்கருவி வீட்டில் வைத்துப் பயன்படுத்தத்தக்க அளவில் அமைந்தது.

வீட்டுப் பராமரிப்பு

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் உயரமான நிலைப்படியும் திண்ணைப் படிகளும் உண்டு. தியாகராய நகர், அடையாறு அடுக்ககங்களில் பழையன பலவற்றில் மின்தூக்கி இல்லை. இரண்டாம் மாடியில் வாழும் நோயாளர், மருத்துவமனையில் நடக்கக் கற்றும், வீட்டை விட்டு இறங்க முடியாமல் அடைபட்டுப் போவது இதனால் நேர்கிறது. வீடு திரும்புமுன் செய்யத்தக்க மாற்றங்கள்:

* கழிப்பறையிலும் குளியலறையிலும் கைப்பிடிக் கம்பி பொருத்துதல். தரை ஈரமின்றி வைத்தல்.
* குந்தும் கழிப்பறை மட்டும் இருப்பின் அதன்மேல் வைக்கும் நாற்காலி வாங்குதல்.
* பாய்க்கு மாற்றாக, அமர்ந்தால் கால் தரையில் படும் உயரமுள்ள கட்டில் அமைத்தல்.
* வேட்டிக்கும் புடவைக்கும் ஒட்டுப்பட்டை தைத்தல், பொத்தான்களைக் குறைத்தல்.
* படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிவிடுதல். படுக்கைப் புண் வராமல் காக்க இது உதவும்.

வலக்கை விழுந்தவருக்கு உண்பதும் கழுவுவதும் ஒரே இடக்கையால் என்றாகிறது. பிறர்முன் இடக்கையால் உண்ணக் கூசி, விருந்துகளையும் கோயிலில் பிரசாதம் வாங்குவதையும் தவிர்ப்போர் உள்ளனர். வெளியே செல்லாமல் ஒதுங்குவதும் ஓர் ஊனமே. கரண்டியால் உண்ணுதல், வலக்கையை இடக்கையால் தாங்கி நீட்டுதல் போன்றவற்றைச் செயல்வழிப் பயிற்றுநர் கற்பிப்பர்.

வெளியிடங்களில் நடைப்பயிற்சிக்குச் சில வசதிகள் ஏற்பட்டுள்ளன. தியாகராய நகர் பாண்டி பசாரில் 2019 இல் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. மெரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகள் அலைகளின் அருகே செல்வதற்கான நிலையான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டசு புயலில் சேதமடைந்து, பின் சீரமைக்கப்பட்டது.

பராமரிப்புச் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகிய பெண்கள்மீது விழுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ, முதியவர் இருவர் மட்டும் உள்ள வீடுகளில் பராமரிப்பவரே நோயாளராகும் நிலையும் உண்டு. தூக்கும் முறையைக் கற்றல், வாரத்தில் சில மணி நேரமேனும் வேறொருவர் பொறுப்பேற்றல் ஆகியன பராமரிப்பவரின் நலத்துக்கு இன்றியமையாதன.

குடும்பம் மட்டும் போதுமா

பயிற்றுநர் பற்றாக்குறைக்குத் தீர்வாக, குடும்பத்தினருக்குப் பயிற்சி தந்து அவர்களையே பயிற்றுநராக்கலாம் என்ற கருத்து நீண்ட காலம் நிலவியது. இதனைச் சோதிக்க இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. 2017 இல் முடிவுகள் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்தே வாழ்வோர் இரு குழுக்களிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். குடும்பத்தினருக்குச் சிலமுறை கற்பித்து அனுப்புவது மட்டும் போதாது என்பதையே இது காட்டியது. குடும்பத்தின் பங்கு தேவையற்றது என்பது இதன் பொருளன்று. பயிற்சி பெற்றவரின் தொடர்ந்த வழிகாட்டல் அதற்குத் துணையாக வேண்டும்.

சென்னையில் 2010களின் நடுப்பகுதியில் நடந்த ஆய்வுகள், வீடு திரும்பிய நோயாளருக்கு நோய் பற்றிய தகவலும் மறுவாழ்வுச் சேவையும் போதிய அளவில் கிட்டவில்லை எனக் காட்டின. அவற்றின் தொடர்ச்சியாக, நோய் விளக்கம், வீட்டுப் பயிற்சிகள், அன்றாடச் செயல்கள், துணைக்கருவிகள் ஆகியவற்றைக் காணொளிகளாகத் திறன்பேசி வழியே வழங்கும் திட்டம் ஒன்று இங்கு உருவாக்கிச் சோதிக்கப்பட்டது.

ஆகஸ்டு 5, 2021 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மற்றொரு வழியைக் காட்டியது. குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே வழங்குவதுடன், வீட்டுக்கு வந்து இயன்முறை மருத்துவமும் நோய்தணிப்புப் பராமரிப்பும் அளிப்பது அதன் கூறுகளாக அமைந்தது.

தவறான நம்பிக்கைகள்

* புறாவின் குருதியைத் தடவினால் கை கால் மீளும் என்பது. இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.
* ஊசி ஒன்று போட்டால் எப்போது வந்த பக்கவாதமும் சரியாகும் என்பது. கட்டி கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரங்களுக்கு மட்டுமே உரியது.
* ஆறு மாதத்திற்குள் வராதது இனி வராது என்பது. வேகம் குறையுமே தவிர முன்னேற்றம் முற்றிலும் நிற்பதில்லை.
* முழு ஓய்வே மருந்து என்பது. படுக்கையிலேயே கிடந்தால் தசைகள் மெலியும், மூட்டுகள் இறுகும், கால் நாளங்களில் குருதி உறையும்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும். அத்தகைய மருத்துவத்தை நாடுவோர், முதல் மணி நேரங்களில் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடாமலும், குருதி அழுத்த மருந்துகளை நிறுத்தாமலும் இருத்தல் வேண்டும்.

சட்டமும் உரிமைகளும்

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பக்கவாதத்தால் வரும் நிலையான கை கால் குறைபாடு இயக்கக் குறைபாட்டின்கீழ் வரும். பேச்சிழப்பும் பேச்சு மொழிக் குறைபாடாக அச்சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றோர் சட்டத்தின் சிறப்புச் சலுகைகளுக்கு உரியவர் ஆவர். அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு அடைந்தவரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது; அப்பணியைச் செய்ய இயலாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என 20 ஆவது பிரிவு கூறுகிறது. குடும்பத்தின் ஒரே வருவாய் நின்றுவிடாமல் காக்கும் இப்பிரிவை அறியாமல் தாமே பணிவிலகுவோர் இழப்பது பெரிது.

மீண்டும் வராமல் தடுத்தல்

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு ஏனையோரைவிட மிகுதி. இரண்டாவது தாக்குதல், பல மாதப் பயிற்சியால் பெற்றதை ஒரே நாளில் அழித்துவிடக்கூடும். ஆகவே தடுப்பும் மறுவாழ்வின் ஒரு பகுதியே.

* குருதி அழுத்தத்தை முறையாக அளந்து கட்டுக்குள் வைத்தல். பக்கவாதத்தின் முதன்மைக் காரணி இதுவே.
* நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துதல்; இதயத் துடிப்புச் சீரின்மைக்கு மருத்துவம் பெறுதல்.
* மருத்துவர் தந்த மருந்துகளை, உடல் நலமாகத் தோன்றினாலும், தாமே நிறுத்தாதிருத்தல்.
* புகை, புகையிலை, மது ஆகியவற்றை விடுதல்.
* ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்றவற்றின் வழியே சேரும் உப்பைக் குறைத்தல்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பக்கவாதம்
* இயன்முறை மருத்துவம்
* பேச்சிழப்பு
* உயர் குருதி அழுத்தம்
* மேரி வர்கீசு
* வி. எஸ். இராமச்சந்திரன்